பத்து நாள் விருந்தாளிகளும் பக்கத்துத் தெரு அக்காவும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிப் போனால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வருகிறது தண்டலம். விடிகாலையிலும் பிற்பகலிலும் நள்ளிரவிலும் கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும் வட்டாரம் இது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த உணவகங்களும் விருந்தினர் விடுதிகளும் இந்தச் சாலைக்குப் பழகிப்போனவை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ஒற்றை அறை வாடகை வீடுகளில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அப்பா ஷிஃப்டுக்குப் போய்விட்டால், அம்மாவும் வேலைக்குப் போய்விட்டால், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குத் தெருதான்.

இப்படிப்பட்ட ஊர்களில் ஜூலையிலோ ஜனவரியிலோ ஒரு சாயங்காலம், கிறிஸ்தவச் சபைக் கூடத்தின் முன்னால் ஒரு வேன் வந்து நிற்கும். ஒரே நிற டி-ஷர்ட் அணிந்த பத்துப் பதினைந்து வெளிநாட்டு இளைஞர்கள் இறங்குவார்கள். பலூன், முகத்தில் பூசும் வண்ணம், கைப்பொம்மை, கிடார், பெட்டி பெட்டியாக மிட்டாய். கால் மணி நேரத்தில் கூடம் நிரம்பிவிடும். ஆக்‌ஷன் பாட்டு, பொம்மலாட்டம், ஒரு வேதக் கதை, காகிதத்தில் ஒரு கைவேலை, கடைசியில் பிஸ்கட்டும் ஜூஸும். பிள்ளைகள் விருந்தாளிகளின் கையைப் பிடித்துத் தொங்குவார்கள், தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். படங்கள் எடுக்கப்படும்.

கூடத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் வேறொன்றும் கண்ணில் படும். முன்னால் நிற்கும் விருந்தாளி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். பக்கத்தில் நிற்கும் சண்டே கிளாஸ் அக்கா அதைத் தமிழில் சொல்வார். முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகள் விருந்தாளியைப் பார்ப்பார்கள். அப்புறம் அத்தனை கண்ணும் அக்காவிடம்தான். கதை அவர் வாயிலிருந்துதான் வருகிறது. யார் யாரோடு சண்டை, யாருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளை நேற்று ராத்திரி சாப்பிடவில்லை என்பதெல்லாம் தெரிந்தவரும் அவர்தான். "டேய், நேத்து ஏன்டா வரல? அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று பாட்டுக்கும் கதைக்கும் நடுவில் கேட்பது அவரால்தான் முடியும்.

பத்து நாளில் வேன் கிளம்பிவிடும். அக்கா அங்கேயே இருப்பார். மிஷன் ட்ரிப் என்று சபைகளில் சொல்லப்படும் குறுகிய காலப் பயணத்தால் பிள்ளைகளுக்கு நன்மையா என்ற கேள்விக்கு, அந்த அக்காவுக்கு அந்தப் பத்து நாள் என்ன கொடுத்துவிட்டுப் போனது என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

*

பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டும் கதையும் கைவேலையும் சொல்லிக்கொடுக்கும் இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டுச் சபைகளில் வி.பி.எஸ். என்று அழைக்கப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் தொடக்கத்தை 1898-ஆம் ஆண்டு நியூயார்க்கில் காட்டுவார்கள். எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக, இடம் கிடைக்காமல் ஒரு பீர் கடையையே வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. ஏறத்தாழ இன்றைய ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வாடகைக் குடியிருப்புகளின் நிலைமைதான். ஆனால் எலைசா ஹாஸ் அந்த நகரத்திலேயே வாழ்ந்தவர். விமானம் ஏறி வந்தவரில்லை.

விமானம் ஏறிப் போவது பெருகியது கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில்தான். பயணச்சீட்டு மலிந்தது அதற்கு ஒரு காரணம். சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ 2005-இல் நடத்திய ஆய்வின்படி, அமெரிக்கச் சபைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு போய் வந்தார்கள். பெரும்பாலானவை இரண்டு வாரத்துக்குள் முடியும் பயணங்கள்.

அமெரிக்காவுக்கு அடுத்தபடி அதிகமாக மிஷனரிகளை அனுப்பும் நாடு என்று அந்த ஆண்டுகளில் பேசப்பட்டது தென்கொரியா. தண்டலம் வட்டாரத்து வாசகருக்குக் கொரியரைத் தொழிற்சாலை அதிகாரியாகத் தெரிந்திருக்கும். அதே நாட்டின் சபைகள் கல்லூரி விடுமுறை வந்தாலே ஆசியா முழுவதும் இளைஞர் குழுக்களை அனுப்புகின்றன. ஜூலை, ஆகஸ்டிலும் ஜனவரியிலும் குழுக்கள் வருவதற்குக் காரணமே அந்த நாட்டு விடுமுறைதான். நம் பள்ளிகளுக்கு அது பாடம் நடக்கும் காலம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம்வரை நம் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கும்போது விருந்தாளிகள் வருவதில்லை. பள்ளிக்கூடம் திறந்து, வீட்டுப்பாடம் குவியும்போது வருகிறார்கள். சிறிய விஷயம்தான். ஆனாலும், யாருடைய வசதியை மையமாக வைத்து இந்தப் பயணம் திட்டமிடப்படுகிறது என்பதைக் காலண்டரே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

2007 ஜூலையில் உலகமே பதைபதைத்த நிகழ்ச்சி, சியோலுக்குத் தெற்கே பூந்தாங் பகுதியில் உள்ள சேம்முல் சபையின் குறுகிய காலக் குழுவுக்கு நேர்ந்தது. 16 பெண்கள், 7 ஆண்கள் என 23 பேர் ஆப்கானிஸ்தான் போனார்கள். காந்தஹாரில் ஒரு மருத்துவமனையிலும் மழலையர் பள்ளியிலும் சேவை செய்வது திட்டம். ஜூலை 19-ஆம் தேதி காபூலிலிருந்து காந்தஹார் போகும் வழியில், கஜ்னி மாகாணத்தில், அவர்கள் போன பஸ்ஸைத் தாலிபான்கள் மடக்கினார்கள். குழுவை அழைத்துச் சென்ற 42 வயதுப் போதகரும் 29 வயது இளைஞர் ஒருவரும் கொல்லப்பட்டனர். மற்ற 21 பேர், ஆறு வாரம் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஆகஸ்ட் இறுதிக்குள் படிப்படியாக விடுவிக்கப்பட்டார்கள். ஆப்கானிஸ்தானில் மிஷனரி வேலை செய்யத் தன் குடிமக்களை இனி விடமாட்டோம் என்று கொரிய அரசு வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. தடை செய்யப்பட்ட நாட்டுக்குப் போவது தண்டனைக்குரியது என்று கடவுச்சீட்டுச் சட்டமும் அதே ஆண்டில் திருத்தப்பட்டது.

அந்த இளைஞர்கள் கெட்ட எண்ணத்தோடு போனவர்கள் இல்லை. பிள்ளைகளோடு பாடி விளையாடப் போனவர்கள். அந்த நாட்டுச் சாலைகளில் எது பாதுகாப்பு, எது ஆபத்து என்று சொல்ல அந்த ஊர்க்காரர்கள் பேச்சைக் கேட்கும் ஏற்பாடு போதாமல் இருந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை இரண்டு உயிர். கொரியச் சபைகளுக்குள்ளேயே இதுபற்றிக் கடுமையான விவாதம் நடந்தது.

*

உயிராபத்து அரிதாக வருவது. பணக் கணக்கு ஒவ்வொரு பயணத்திலும் வருவது. 1998-இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சின்னாபின்னமாக்கியபோது, வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் வரிசையாகப் போய் வீடு கட்டிக்கொடுத்தன. அந்த நாட்டிலேயே வாழ்ந்துவந்த பேராசிரியர் கர்ட் வெர் பீக் பின்னாளில் இதைக் கணக்குப் பார்த்தார். அந்த ஊர்த் தொழிலாளர்களைக் கொண்டு கட்டிய வீட்டுக்குச் சுமார் 2,000 டாலர். வெளிநாட்டுக் குழு வந்து கட்டிய வீட்டுக்கு, விமானச் செலவையும் சேர்த்தால், சுமார் 30,000 டாலர். வீடு பெற்ற குடும்பங்களைக் கேட்டால், யார் கட்டிக்கொடுத்தார்கள் என்பதால் தங்கள் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே தெரிந்தது. போய் வந்தவர்களின் வாழ்க்கையிலும், அவர்களே நினைத்த அளவுக்கு நிலையான மாற்றம் வரவில்லை. 2006-இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் சபைகளுக்குள் பேசப்படுகிறது.

வீடு கட்டுவதில் கணக்கு இப்படி என்றால், பிள்ளைகள் விஷயத்தில் பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: வந்து போகிறவர்களின் பாசம் பிள்ளையை என்ன செய்கிறது? குழந்தை மனத்தைப் பற்றி ஜான் போல்பி என்ற ஆங்கில மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் எழுதிய அறிக்கை, குழந்தைக்குச் சோறும் துணியும்போலவே, மாறாமல் கூடவே இருக்கும் ஒரு மனிதரும் தேவை என்று வலியுறுத்தியது. ருமேனியாவில் 2000-த்தை ஒட்டித் தொடங்கிய புகாரெஸ்ட் ஆய்வில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், அறிவிலும் ஒட்டுறவிலும் நன்றாகத் தேறினார்கள்.

மிஷன் ட்ரிப் குழுக்கள் இப்படிப்பட்ட இல்லங்களுக்கும் போகின்றன. ஒரு பிள்ளைகள் இல்லத்தில் ஆண்டுக்கு நான்கு குழுக்கள் வந்து தங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஒரு அண்ணா வருவார், தூக்கிக் கொஞ்சுவார், அழுதுகொண்டே டாட்டா காட்டிவிட்டுப் போவார். அப்படி வளரும் பிள்ளை, முன்பின் தெரியாத யார் வந்தாலும் ஓடிப்போய் மடியில் ஏறி உட்காரக் கற்றுக்கொள்கிறது. 'எவ்வளவு பாசமான குழந்தை' என்று விருந்தாளி நெகிழ்கிறார். குழந்தை மனநலம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். யாரிடம் ஒட்டலாம், யாரிடம் தள்ளி நிற்கலாம் என்ற தற்காப்பு அந்தப் பிள்ளைக்கு மழுங்கிப்போகிறது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ய நினைப்பவர்கள் தேடுவதும் அந்த மழுங்கலைத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009-இல் சொன்னது. வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விடுகிறது. நேபாளத்தில் பதிவு பெற்ற பிள்ளைகள் இல்லங்களில் சுமார் 90 விழுக்காடு, சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் ஐந்தே மாவட்டங்களில் இருந்தன என்பது 2014-இல் பெரிய செய்தியானது. அப்போது அந்த நாட்டில் 75 மாவட்டங்கள். அனாதைகள் அந்த ஐந்தில் மட்டுமா பிறக்கிறார்கள்? பார்க்க வருகிறவர்கள் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் கொண்டுவரப்படுகிறார்கள். 2018-இல் ஆஸ்திரேலியா நவீன அடிமை முறைக்கு எதிரான சட்டம் இயற்றியபோது, இல்லங்களை நிரப்புவதற்காகப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதையும் ஒரு சுரண்டலாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

2010 ஜனவரியில் ஹெய்ட்டியைப் பூகம்பம் புரட்டிப் போட்டது. அதே மாத இறுதியில் அமெரிக்க பாப்டிஸ்ட் சபையார் 10 பேர், 33 பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்து டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று எல்லையில் கைதானார்கள். அனாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். விசாரித்தால், அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள். நல்ல பள்ளிக்கூடமும் விளையாட்டு மைதானமும் கிடைக்கும் என்று நம்பி அனுப்பியிருந்தார்கள். இடிபாட்டுக்கு நடுவில் பிள்ளையின் கையை விட்ட அந்தத் தாய்மாருக்கு அன்று தேவைப்பட்டது தலைக்கு மேல் ஒரு கூரையும் கொஞ்ச நாள் அரிசியும். அதைக் கொடுக்க எல்லை தாண்டிப் போகத் தேவையில்லை.

*

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது என்று வரவேற்கும் சபைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வருகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மின்னணுச் சுற்றுலா விசாவில் வருபவர், ஊதியம் ஏதும் பெறாமல் அதிகபட்சம் ஒரு மாதம் தன்னார்வப் பணி செய்யலாம். ஆராதனையில் கலந்துகொள்ளத் தடையில்லை. ஆனால் மத போதனை செய்வது, வழிபாட்டுத் தலங்களில் உரையாற்றுவது, மதப் பிரசுரங்கள் கொடுப்பது, மதமாற்றத்தில் ஈடுபடுவது ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை என்று உள்துறை அமைச்சகம் தெளிவாக வகுத்திருக்கிறது. 'அதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்' என்று மேடையில் நிறுத்திவிடுகிற ஆயர், விருந்தாளியை நாட்டைவிட்டு வெளியேற்றப்படும் ஆபத்தில் தள்ளுகிறார். வந்த இடத்தில் ஒருவர் அன்பளிப்பாகக் கையில் வைத்துவிட்டுப் போகும் பணத்துக்கும் சட்டம் உண்டு. வெளிநாட்டுக் குடிமகன் இந்திய ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்அனுமதியோ இல்லாத அமைப்பு அதைத் தொடக்கூடாது.

வெளிநாட்டுப் பணத்தை மட்டும் நம்பி நிற்பது எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்பதைத் தமிழ்நாட்டுச் சபைகள் 2017 மார்ச்சில் நேரடியாகப் பார்த்தன. அரசு விதித்த கட்டுப்பாட்டால் அமெரிக்காவின் கம்பேஷன் இன்டர்நேஷனல் அமைப்பு இந்தியாவில் 48 ஆண்டுக்காலப் பணியை மூட நேர்ந்தது. சுமார் 1,45,000 பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. அந்த முடிவு நியாயமா இல்லையா என்று இரு பக்கமும் வாதிட்டார்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை, மாலையில் போய் உட்கார்ந்த மையம் ஒருநாள் பூட்டிக்கிடந்தது.

பிள்ளைகள் இல்லங்களுக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. எந்த இல்லமானாலும் பதிவு செய்யாமல் நடத்தினால் ஓராண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், நாடு முழுவதும் 9,589 இல்லங்கள், அவற்றில் சுமார் 3.7 லட்சம் பிள்ளைகள். எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. கணக்கெடுத்த காலத்தில் இந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருந்தவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

போட்டோ விஷயம் பலருக்குத் தெரியாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ ஊடகத்தில் வெளியிடக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் இல்லத்துப் பிள்ளையின் படத்தை ஊருக்குப் போய் இன்ஸ்டாகிராமில் போடும் இளைஞர், நன்றிக்கடனாக நினைத்துச் செய்வது சட்டப்படி குற்றமாக முடியலாம். வாடகை வீட்டுப் பிள்ளைக்கும் மானம் உண்டு, வயது வரும், வேலைக்குப் போகும் காலம் வரும். 'வறுமையில் வாடும் சிறுவன்' என்ற வரியோடு தன் ஐந்து வயதுப் படம் சியோலிலோ டெக்சாஸிலோ ஒரு திரையில் ஓடுவதை அவன் அம்மா விரும்புவாளா என்று ஒருமுறை கேட்டுவிட்டு எடுக்கலாம்.

*

குறுகிய காலப் பயணம் என்பதே வீண் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்லவிடாத சாட்சி இதே நெடுஞ்சாலையில் இருக்கிறது. தண்டலத்திலிருந்து மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர் ஐடா ஸ்கட்டர். அமெரிக்காவில் படித்துவிட்டு, 1890-இல், உடம்பு சரியில்லாத தாயைக் கவனிக்கக் கொஞ்ச காலம் என்று திண்டிவனத்துக்கு வந்தார். மிஷனரியாக அவருக்கு விருப்பமே இல்லை. ஓர் இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அவரை அழைத்தார்கள். அவர் மருத்துவர் இல்லை. அப்பா மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவரை அனுமதிக்க மாட்டோம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா அடுத்துச் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. திரும்பிப் போனார், 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தார், 1900-இல் திரும்பி வந்து வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சை தொடங்கினார். அவரும் ஒரு டாக்டராகவே இருந்து ஓய்ந்திருக்கலாம். ஆனால் 1909-இல் நர்ஸ்களுக்கும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் படிப்புக்கும் பள்ளி தொடங்கினார். இந்த ஊர்ப் பெண்களே இந்த ஊர்த் தாய்மாருக்குப் பிரசவம் பார்க்கும் நிலையை உண்டாக்கினார். வேலூரின் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. அவருடைய முதல் வருகை குறுகிய கால வருகைதான். தன்னால் இங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதை அது அவருக்கு நேர்மையாகக் காட்டிவிட்டது.

குறுகிய காலத்துக்கு நேர் எதிர், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூர். 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், 1901-இல் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்தபோது அடைக்கலம் கொடுத்தார். அதிலிருந்து பிள்ளைகள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குப் போகவில்லை. 1931-இல் விழுந்து அடிபட்டபின் கடைசி இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையில். 1951 ஜனவரியில் இறந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி கல்லறைக்கல் வைக்கவில்லை. பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் 'அம்மா' என்று பொறித்தார்கள். எல்லாரும் ஐம்பத்தைந்து ஆண்டு தங்க முடியாது. பிள்ளை வளர்ப்பது எத்தனை நீண்ட வேலை என்பதற்கு மட்டும் டோனாவூர் அளவுகோலாக நிற்கிறது. அதே காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். பெண்பிள்ளைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வர வழி செய்தவரும் அவரே. 1947-இல் அந்தச் சட்டம் வந்தது. ஊரில் வேர் உள்ளவர்களால் சட்டத்தையே மாற்ற முடிந்தது.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒய்.எம்.சி.ஏ. செயலராக இருந்தபோது 1902-இல் யாழ்ப்பாணம் போய் வந்தார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள், தங்களுக்குள் பணம் திரட்டித் தாங்களே ஊழியரை அனுப்புவதைக் கண்டார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பினார். அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரியில், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியர்களே ஆள், இந்தியர்களே பணம், இந்தியர்களே நிர்வாகம். அந்தச் சங்கத்தார் தெலுங்கு கற்றுக்கொண்டு தோர்ணக்கல் வட்டாரத்துக்குப் போய்த் தங்கினார்கள். அசரியாவும் போனார், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிரம்பிய அவையில், கொடையும் தியாகமும் வந்தது உண்மைதான், எங்களுக்கு வேண்டியது நட்பு என்று எழுந்து நின்று கேட்டவர் அவர். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும், தண்டலத்துச் சபைக் கூடத்தில் வேனிலிருந்து இறங்குகிறவர்களிடம் கேட்க வேண்டியதும் அதுதான். நண்பன் என்றால் பெயர் தெரிந்திருக்கும், அடுத்த ஆண்டும் வருவான், சாப்பிட உட்காரும்போது வீட்டுக்காரர் பரிமாறுவதை ஏற்றுக்கொள்வான்.

இப்போது தமிழ்ச் சபைகளும் அனுப்புகிற இடத்தில் இருக்கின்றன. சென்னையிலிருந்து நேபாளத்துக்கும் இலங்கைக்கும் வடமாநிலங்களுக்கும், சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளிலிருந்து இங்கேயும் குழுக்கள் போய் வருகின்றன. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி, மதமாற்ற முயற்சிக்கு ஐந்தாண்டுவரை சிறை. வெளிநாட்டவர் தண்டனைக்குப் பின் வெளியேற்றப்படுவார். இந்தியருக்கு விசா தேவையில்லாத நாடாயிற்றே என்று நினைத்துப் பலூனோடு கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. கொரியர் நமக்குச் செய்தால் உறுத்துகிற எதையும் நாம் காத்மாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்யாதிருக்க வேண்டும்.

*

பணத்தை வேறு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பேர் கொண்ட குழு, ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவு செய்து வருகிறது என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சம். வறுமையால் இல்லத்துக்குப் போகும் நிலையில் உள்ள பிள்ளையைச் சொந்த வீட்டிலேயே வைத்து வளர்க்க, அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் மாதம் 4,000 ரூபாய் கொடுக்கிறது. ஆண்டுக்கு 48,000. பத்து லட்சத்தில் இருபது பிள்ளைகள் ஓராண்டு அம்மாவோடு இருக்கலாம். இந்தத் திட்டமே தகுதியுள்ள பல குடும்பங்களுக்குத் தெரியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு தாயை அழைத்துக்கொண்டு போய், படிவம் நிரப்பிக் கொடுப்பதற்கு விசா வேண்டாம். சண்டே கிளாஸ் அக்கா போதும்.

அக்காக்களை நம்பித் தமிழ்நாடு அரசே ஒரு திட்டம் நடத்திப் பார்த்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் எழுத்து மறந்தபோது, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. அந்தந்தக் குடியிருப்பிலேயே உள்ள தன்னார்வலர்கள், பெரும்பாலும் படித்த இளம்பெண்கள், மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பாடம் சொன்னார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பிள்ளையின் தெருவும் டீச்சரின் தெருவும் ஒன்று என்பதுதான் அதன் பலம்.

விருந்தாளிக் குழுக்கள் அந்தப் பலத்தோடு சேர்ந்துகொள்ளலாம். நர்சரி ஆசிரியை ஒருவர் குழுவில் வந்தால், பிள்ளைகள் முன்னால் பாடுவதைவிட, இருபது சண்டே கிளாஸ் ஆசிரியைகளை மூன்று நாள் உட்காரவைத்து, எழுத்துத் தடுமாறும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பயிற்சி கொடுக்கலாம். பேச்சுப் பயிற்சியாளர், பல் மருத்துவர், கணக்காளர் என்று யார் வந்தாலும் அப்படித்தான். சபைக்குக் கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர் உருவாவது, பலூன் பெட்டி பத்தைவிட நாள்பட நிற்கும்.

அடுத்த ஜூலைக்கான கடிதங்கள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியிலேயே வர ஆரம்பித்துவிடும். பதில் எழுதும்போதே ஆயர் கேட்டுவிடலாம்: எங்கள் விடுமுறையில், மே மாதத்தில், வர முடியுமா? வருகிறவர்களின் காவல்துறை நற்சான்று உங்கள் சபை வாங்கி அனுப்புமா? எந்தப் பிள்ளையோடும் யாரும் தனியாக இருப்பதில்லை, பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சேர்ப்பதில்லை, படம் எடுப்பதில்லை என்ற எங்கள் ஒழுங்குக்குக் கையெழுத்துப் போடுவீர்களா? சென்ற ஆண்டு வந்தவர்களில் இரண்டு பேராவது மறுபடி வருவார்களா? கூடத்தின் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 பெரிதாக எழுதியிருக்க வேண்டும். போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம் என்பதை வருகிறவருக்கும் இருக்கிறவருக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தங்குகிற செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒடிசாப் பிள்ளைகள் நிறைய வரும் வகுப்புக்கு ஒடியா தெரிந்த ஒரு தாயை உதவியாளராக அமர்த்த முடியுமா என்றும் கேட்கலாம். அதைச் சட்டப்படி எந்த வழியில் செய்வது என்று சபையின் ஆடிட்டரிடம் முன்பே பேசிவைத்தால், குழு வந்து இறங்கும்போது வேலை தயாராக இருக்கும்.